குளிருது, நனையுது, கடிக்குது: மலைச் சாமான்களில் கோளாறு எங்கே என்று பிடிக்கும் வழி

டிசம்பரில் உத்தரகாண்டின் கேதார்காந்தா மலை ஏறிவிட்டு அடிவார ஊரான சங்க்ரிக்கு இறங்கி வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "சூப்பர், ஆனா செம குளிர், அடுத்த தடவை இன்னும் தடியா ஒரு ஜாக்கெட் வாங்கணும்" என்பார்கள். குல்மார்கில் முதல்முறை ஸ்கீ போட்டவர்கள் பூட்டைத் திட்டுவார்கள். ஜூலையில் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனவர்கள் மழை ஜாக்கெட்டைத் திட்டுவார்கள். இதில் திட்டு வாங்கும் சாமான் பெரும்பாலும் குற்றவாளியே இல்லை. வேர்வை எங்கேயோ தேங்கியிருக்கும், காற்று எங்கேயோ புகுந்திருக்கும், அளவு தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் பரணில் கிடந்தே கெட்டுப் போயிருக்கும். அது எது என்று பிடிக்காமல் கடைக்குப் போனால், பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து அதே குளிரைத்தான் மறுபடி வாங்கி வருவீர்கள்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், புதிதாக வாங்குவது கடைசியில்.

ஏறும்போது வேர்த்துக் கொட்டுகிறது, நின்ற ஐந்தாவது நிமிடம் நடுங்குகிறது

உள்ளே போட்டிருக்கும் பனியனின் லேபிளைப் பாருங்கள். காட்டன் என்று இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. பருத்தி வேர்வையை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், நீங்கள் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். மேலே எவ்வளவு விலையுள்ள ஜாக்கெட் இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பனியன் போதும், உள்ளாடை உட்பட.

பனியன் சரியாக இருந்தும் நடுங்கினால், கிளம்பும்போது என்ன போட்டிருந்தீர்கள் என்று யோசியுங்கள். கேதார்காந்தா உச்சிக்கு விடிவதற்கு முன்பே கிளம்புவார்கள், அந்த இருட்டில் எல்லோரும் தெர்மல், ஃப்லீஸ், இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் என்று இருப்பதையெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் வழிகாட்டிப் பையன் மெல்லிசான ஃப்லீஸோடு நிற்பான். அவனுக்குக் குளிராமல் இல்லை, இருபது நிமிட ஏற்றத்தில் உடம்பு சூடாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். கிளம்பும்போது லேசாகக் குளிர்வதுதான் சரியான அளவு. டவுன் ஜாக்கெட் நடப்பதற்கானதே அல்ல, அதை ரக்சாக்கின் மேலாக வைத்து, நின்ற உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே எடுத்துப் போடுங்கள். காற்று அடித்தால் ஃப்லீஸுக்கு மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய உறை ஒன்று.

ஒருவர் பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது, ஜிப் போட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் அது சாமான் சோதனைக்கான நேரம் இல்லை. உடல் வெப்பம் கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஈரத்துணியை மாற்றி, காய்ந்த உடையில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுத்து, குழுத் தலைவரிடம் உடனே சொல்லுங்கள்.

ரெயின் ஜாக்கெட் போட்டும் உள்ளே நனைகிறது

ஒரே புகார், ஆனால் இதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. முதலில் ஜாக்கெட்டின் தோள்பட்டையைக் குழாயடியில் காட்டுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதா, இல்லை துணி கறுத்து நீரைக் குடிக்கிறதா?

குடிக்கிறது என்றால், வெளித்துணியில் இருந்த நீர் ஒட்டாப் பூச்சு போய்விட்டது. உள்ளே இருக்கும், மழையைத் தடுத்து வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் சவ்வு இன்னும் நன்றாகத்தான் இருக்கும், மழை உள்ளே வந்திருக்காது. ஆனால் வெளித்துணி முழுக்க ஈரமாகிவிட்டால் உங்கள் வேர்வை ஆவி வெளியேற வழியில்லாமல், குளிர்ந்த உட்பக்கத்திலேயே நீராகப் படிந்துவிடும். போட்டிருப்பவருக்கு அது ஒழுகல் மாதிரியே தெரியும், உடனே ஜாக்கெட் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார். இதற்கு மருந்து துவைப்பதுதான். துவைத்தால் கெட்டுவிடும் என்று வருடக்கணக்கில் தண்ணீரே காட்டாமல் வைத்திருப்பார்கள், கெடுப்பதே அந்த அழுக்குதான். ஜிப்பெல்லாம் மூடி, இதற்கென்று விற்கும் திரவ சோப்பில் துவைத்து, இரண்டு தடவை அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம், அல்லது மேலே ஒரு துணி போட்டு மெதுவான சூட்டில் இஸ்திரி. அந்தச் சூட்டில் பழைய பூச்சே பாதி உயிர் பெறும். அப்படியும் தண்ணீர் உருளவில்லை என்றால்தான் ஸ்ப்ரே வாங்க வேண்டும். இன்னொன்று, புதிதாக வரும் ஜாக்கெட்டுகளில் பழைய ஃபுளோரின் ரசாயனப் பூச்சு குறைந்து வருகிறது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் பெரும்பாலான உடைகளில் அதற்குத் தடை, பெரிய நிறுவனங்களும் மாறிவிட்டன. புதுப் பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. கழுத்திலும் தோளிலும் சன்ஸ்க்ரீனும் தலை எண்ணெயும் பட்ட இடம்தான் முதலில் நீரைக் குடிக்க ஆரம்பிக்கும். அதனால் இதை அடிக்கடி துவைக்கத்தான் வேண்டும்.

வெளியே தண்ணீர் அழகாக உருள்கிறது, ஆனாலும் உள்ளே ஈரம் என்றால் அது உங்கள் வேர்வைதான். பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் கங்காரியாவில் ஜூலை மாதம் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும், வெளியே அவ்வளவு ஈரப்பதம் இருக்கும்போது எந்தச் சவ்வும் ஆவியைத் தள்ளாது, விலை எதுவானாலும். அக்குள் ஜிப் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள். காற்றில்லாத பாதையில் குடை பிடித்து நடப்பதுபோல் சுகம் வேறில்லை, இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் மலையிலேயே வாழ்கிற ஆட்டு இடையர்கள் கையில் என்ன இருக்கிறது என்று அடுத்த தடவை பாருங்கள். ஹம்ப்தா கணவாய் மாதிரி காற்று கிழிக்கிற இடத்தில் குடையும் சரி, பொஞ்சோவும் சரி, வேலைக்கு ஆகாது.

மூன்றாவதுதான் நிஜ ஒழுகல். ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியாகத் திருப்புங்கள். தையல் மேல் ஒட்டியிருக்கும் நாடா எங்காவது உரிந்து நிற்கிறதா? நாடா மட்டும் என்றால் ஒட்டலாம். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால், சந்தேகப்படும் இடத்தை அப்படியே பை மாதிரி குழித்துப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள், கீழே எந்தப் புள்ளியில் சொட்டு கோக்கிறதோ அங்கே உள்பக்கம் ஒட்டு போடுங்கள். ஆனால் உட்பூச்சே தோல் உரிவது போல வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. இந்த ஒரு நிலைக்குத்தான் புது ஜாக்கெட் தேவை.

ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தும் குளிர்கிறது

லேபிளை எடுங்கள். ஐஎஸ்ஓ 23537 (பழைய பைகளில் இஎன் 13537) படி சோதித்த பை என்றால் மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும். லிமிட் என்பது சுருண்டு படுத்த ஒரு ஆண் எப்படியோ ராத்திரியைத் தள்ளும் எண். எக்ஸ்ட்ரீம் என்பது உயிருக்கே ஆபத்து தொடங்கும் எண், அதைப் பெரிசாக அச்சடித்து விற்கிற பையைத் தொடாதீர்கள். மைனஸ் 10 என்று கடைக்காரர் சொன்னால் அது மூன்றில் எது என்று கேளுங்கள். இந்தச் சோதனையே அடியில் மேட், உடம்பில் தெர்மல் எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்கிறது.

எண் சரியாக இருந்தும் குளிர்ந்தால், உடம்பில் எங்கே குளிர்கிறது என்று கவனியுங்கள். அது முக்கால்வாசிப் பதிலைச் சொல்லிவிடும்.

முதுகிலும் இடுப்பிலும் குளிர்ந்தால் பை காரணம் இல்லை, மேட்தான். உங்கள் எடைக்கு அடியில் நசுங்கிய இறகு எதையும் தடுக்காது, தரையின் குளிரைத் தடுப்பது மேட் மட்டுமே. அதற்கு ஆர் மதிப்பு என்று ஒரு எண் உண்டு, எண் கூடினால் குளிரை அதிகமாகத் தடுக்கும். மூடிய செல் ஃபோம் மேட்டுக்குச் சுமார் 2 வரும், பனிமேல் படுக்க 5 பக்கம் வேண்டும். நல்ல விஷயம் என்னவென்றால், இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் எண்கள் கூடும். 2 உள்ள ஃபோம் மேல் 3 உள்ள காற்று மேட் போட்டால் 5 ஆகிவிடும். வீட்டு யோகா மேட் இந்தக் கணக்கில் வராது.

கால் மட்டும் குளிர்கிறதா? பகலில் போட்ட சாக்ஸோடே படுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் அதில் வேர்வை இருக்கும். அப்புறம் பையின் கால்பக்கத்தை வெளியே தடவுங்கள். சில நாள் காலையில் அங்கே மெல்லிய ஐஸ் தகடு ஒட்டியிருக்கும், கூடாரச் சுவரில் இடித்துக்கொண்டு கிடந்ததால் வந்தது அது. ரெயின் ஜாக்கெட்டை ஜிப் போட்டு கால்பக்கம் உறை மாதிரி மாட்டிவிட்டால் போதும். நன்றாக மூடுகிற பாட்டிலில் சுடுதண்ணீர் பிடித்து சாக்ஸுக்குள் போட்டுத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டால் அதைவிடப் பெரிய சொர்க்கம் கிடையாது.

தோளிலும் கழுத்திலும் சில்லென்று காற்று வந்தால் தலைப்பகுதிக் கயிற்றை இழுத்து முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு மூடுங்கள். மூக்கையும் உள்ளே விட்டுக்கொண்டு மூச்சு விடாதீர்கள், விடிவதற்குள் பை ஈரமாகிவிடும். நடு ராத்திரி வரை நன்றாக இருந்து மூன்று மணிக்கு மேல் மொத்தமாகக் குளிர்ந்தால், ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும், எழுந்து போய்விட்டு வாருங்கள்.

வாடகைப் பையாக இருந்தால் வாங்கும்போதே வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள். சில அறைகளில் இறகே இல்லாமல் வெளிச்சம் ஊடுருவும், அப்படி இருந்தால் வேறு கேளுங்கள். ஜிப்பை முழுக்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். உங்களுடைய லைனர் (பைக்குள் போடும் மெல்லிய உள்ளுறை) ஒன்றைக் கொண்டு போவது சுகாதாரத்துக்கும் நல்லது.

படுக்கும்போது கெட்டியாக இருந்த மேட் காலையில் தொளதொளவென்று இருக்கிறது

உடனே ஓட்டை என்று முடிவு செய்யாதீர்கள். 20 டிகிரி சூட்டில் அடைத்த காற்று மைனஸ் 10க்குக் குளிர்ந்தால் அதன் கன அளவு பத்தில் ஒரு பங்கு குறையும், வெறும் இயற்பியல். சாயங்காலம் ஊதி வைத்து, அது குளிர்ந்ததும், படுப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் ஊதுங்கள். ஒரு மணி நேரத்திலேயே தரையைத் தொட்டால்தான் ஓட்டை. முதலில் வால்வில் மணல் சிக்கியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் தேடுங்கள். குளிர்காலத்தில் வாயால் ஊதாமல் ஊதுபை வைத்துக்கொள்வது நல்லது, மூச்சின் ஈரம் உள்ளே போய் உறைகிறது.

மழையே இல்லை, கூடாரத்துக்குள் சொட்டுகிறது

உங்கள் மூச்சு. ஒரு ஆள் ராத்திரி முழுக்க வெளிவிடும் நீர் ஒரு டம்ளருக்குக் குறையாது, இரண்டு பேர், ஈர ஷூ, ஈர சாக்ஸ் எல்லாம் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து மூடினவர்களுக்குத்தான் இது அதிகம். மேல் காற்றுத்துளையைத் திறந்தே வையுங்கள், வெளிவிரிப்பின் அடியைப் பனி அடைத்திருந்தால் தள்ளிவிடுங்கள். வெளிவிரிப்பு உள்கூடாரத்தைத் தொடக் கூடாது. நைலான் ஈரமானால் தொய்யும், அதனால் படுக்கப் போகுமுன் கயிறுகளை ஒரு தடவை இறுக்குங்கள். காலையில் உள்ளே வெள்ளையாகப் படிந்த உறைபனியை வெயில் படுவதற்கு முன்பே தட்டி வெளியே கொட்டிவிட வேண்டும், விட்டால் உருகி எல்லாம் பையின் மேல்தான் விழும்.

ஸ்டவ் மினுக்மினுக்கென்று எரிகிறது, அரிசி வேகவில்லை

சிலிண்டரில் என்ன வாயு என்று படியுங்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கும், ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7, புரோப்பேன் மைனஸ் 42. அதாவது வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போனால் வெறும் பியூட்டேன் திரவமாகவே கிடக்கும், எரியாது. வீட்டு போர்ட்டபிள் அடுப்புக்கு வரும் நீள டப்பா பெரும்பாலும் வெறும் பியூட்டேன். திருகு மாட்டும் குட்டி சிலிண்டரில் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததைத் தேடி வாங்குங்கள். அதிலும் புரோப்பேன் முதலில் தீர்ந்துவிடுவதால், கடைசிக் கால் பாகம் குளிரில் சோம்பும். படுக்கும்போது சிலிண்டரைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சமைக்கும்போது ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் நிறுத்துங்கள். சிலிண்டரைச் சுற்றி காற்றுத் தடுப்பை முழு வளையமாகக் கட்டுவது ஆபத்து, சூடு திரும்பி அதையே தாக்கும். விமானத்தில் கைப்பையிலும் சரி, செக்-இன்னிலும் சரி, சிலிண்டர் போகாது. டேராடூன், மணாலி, லே என்று இறங்கின ஊரில்தான் வாங்க வேண்டும்.

தீ நன்றாக எரிந்தும் அரிசி வேகாமல் இருந்தால் ஸ்டவ் மேல் பழி இல்லை. 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழுச் சமையல்காரர்கள் அவ்வளவு கனமான பிரஷர் குக்கரை ஏன் கழுதை மேல் ஏற்றுகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

மூடிய கூடாரத்துக்குள் ஸ்டவ் எரித்து, தலைவலியும் குமட்டலும் வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம், கார்பன் மோனாக்சைடு அல்லது உயரம் ஒத்துக்கொள்ளாதது. இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். எதுவென்று யோசித்துக்கொண்டு உள்ளேயே உட்காராமல் முதலில் வெளியே வாருங்கள். காற்றாட இருந்தும் குறையாவிட்டால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும், கூடினால் கீழே இறங்க வேண்டும்.

ஷூ கடிக்கிறது, விரல் மரத்துப் போகிறது

குதிகாலில் கொப்புளம் என்றால் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. மேல் ஓட்டை இரண்டையும் பயன்படுத்திக் குதிகாலைப் பூட்டுகிற மாதிரி லேஸ் கட்டுங்கள், சுள்ளென்று சூடு தெரிந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள், இன்னும் கொஞ்சம் நடந்து பார்க்கலாம் என்று நினைத்தால் மறுநாள் முழுக்க நொண்டி. இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுத்தால் ஷூ நீளம் போதவில்லை அல்லது லேஸ் தளர்ந்திருக்கிறது. விரல் மரத்தால் பெரும்பாலும் காரணம் சாக்ஸ், அதுவும் அதிகமான சாக்ஸ். இரண்டு தடி சாக்ஸைத் திணித்து ரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டுக் குளிர்கிறது என்கிறோம். ஷூவுக்குள் ஐந்து விரலும் தாராளமாக ஆட வேண்டும். சாதர் நடையில், உறைந்த ஜான்ஸ்கார் நதி மேல், ஆட்கள் போடுவது லே கடைத்தெருவில் வாங்கிய ரப்பர் கம்பூட், உள்ளே கம்பளி சாக்ஸுக்கு நிறைய இடம் இருக்கிற அளவில். இருபதாயிரம் ரூபாய் ஷூ போட்டவர் அங்கே ஓரத் தண்ணீரில் கால் வைத்துவிட்டு நிற்பதைப் பார்க்கலாம்.

விரல் நுனி வெளுத்து உணர்ச்சி போனால் நண்பரின் வயிற்றிலோ அக்குளிலோ வைத்துச் சூடாக்குங்கள். பனியால் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது இரண்டும் கூடாது.

ஸ்கீ பூட்: முழங்கால் கீழ் எலும்பு வலி, கால் மரப்பு

வாடகைக் கடைகளில் நடப்பது இதுதான்: போட்டதும் நெருக்கமாக இருக்கிறது என்று சொன்னால் ஒரு அளவு பெரிதாகத் தருவார்கள், கடைக்குள் அது சுகமாகத்தான் இருக்கும். சரிவில் போனதும் கால் உள்ளே அலையும், அதைப் பிடிக்க நீங்கள் பக்கிளை இறுக்குவீர்கள், பாதத்தின் மேல்பக்க ரத்த நாளம் நெரியும், கால் மரக்கும், முன்னெலும்பு பூட்டின் நாக்கில் மோதி மோதி வீங்கும். எல்லாம் பெரிய பூட்டினால் வந்த வினை.

ஸ்கீ பூட்டின் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்தால் 26.5 என்றால் 26.5தான் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் உள் லைனரைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்னே தொட்டுக்கொண்டிருக்கும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நான்கு விரல் போகிறது என்றால் அந்தப் பூட்டைத் திருப்பிக் கொடுங்கள். லைனரோடு போட்டு நேராக நிற்கும்போது விரல் முன்னே லேசாகத் தொடும், முழங்காலை முன்னே மடக்கினால் விலகும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பூட்டுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ். தெர்மல் பேண்டின் ஓரம் பூட்டுக்குள் போகக் கூடாது, அந்தச் சுருக்கம் சாயங்காலத்துக்குள் எலும்பில் பள்ளம் போட்டுவிடும். குதிகாலைப் பின்னே இரண்டு தட்டு தட்டி உட்கார வைத்து, மேல் பக்கிள்களை முதலில் இறுக்கி, கீழ் பக்கிள்களைச் சும்மா பிடிக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள்.

ஸ்கீ அடிக்கடி தானாகக் கழன்றால் முதலில் பூட்டின் அடியைப் பாருங்கள், பனி ஒட்டிக்கொண்டு கெட்டியாகியிருக்கும், சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். அப்படியும் கழன்றால் கடைக்குப் போங்கள். பைண்டிங் (பூட்டை ஸ்கீயோடு சேர்த்துப் பிடிக்கும் பிடிப்பு) எப்போது விடுவிக்க வேண்டும் என்பது உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட் அடியின் நீளம் எல்லாவற்றையும் வைத்து டெக்னீஷியன் போடும் கணக்கு. ஸ்க்ரூ டிரைவர் கையில் கிடைத்தது என்று நீங்களே திருகினால், விழும்போது கழலாமல் முழங்கால் போகும். கடையில் எடையையும் திறமையையும் உள்ளபடி சொல்லுங்கள், அங்கே கௌரவம் பார்க்க வேண்டாம். நடுவில் பூட் மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள்.

காகிள்ஸில் ஆவி படிகிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை

முகத்தை மூடிய துணியை மூக்குக்குக் கீழே இறக்குங்கள், பாதிப் பேருக்கு அத்தோடு சரியாகிவிடும். வேர்த்த நெற்றியின் மேல் ஏற்றி வைக்காதீர்கள். உள்பக்கத்தைத் துடைக்கவே கூடாது, ஆவி தடுக்கும் பூச்சு கையோடு வந்துவிடும், உதறிக் காய விடுங்கள். மேகம் மூடின நாளில் பள்ளம் மேடு தெரியவில்லை என்றால் அது ஆவி இல்லை, லென்ஸ் கறுப்பு அதிகம். லென்ஸின் கறுப்பை வகை எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் கறுப்பு கூடும்: வெயிலுக்கு வகை 3, மந்தமான நாளுக்கு வகை 1. வகை 4 உயரமான பனிக்கு நல்லது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

பகல் முழுக்கப் பனியில் கண்ணாடி இல்லாமல் நடந்து, ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தினால் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டிருக்கிறது. புதுப்பனி அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மேகம் இருந்தாலும் வரும். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். இருட்டில் ஓய்வு, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுவது, கண்ணைத் தேய்க்காமல் இருப்பது. வலி விடாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

போன் செத்துவிட்டது, சிக்னல் இல்லை, டார்ச் மங்குகிறது

குளிரில் 40 சதவீதத்தில் அணைந்த போன் சட்டைப் பையில் உடம்போடு வைத்தால் மறுபடி பிழைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், சூடானதும் போடுங்கள். ஹெட்லாம்புக்குச் சாதா அல்கலைனுக்குப் பதில் ரீசார்ஜ் ஆகாத லித்தியம் செல் வாங்கினால் கடும் குளிரிலும் தாங்கும், ஆனால் அந்த விளக்கு அதை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காஷ்மீரிலும் லடாக்கிலும் சிக்னலே வரவில்லை என்றால் போன் சரிதான்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் சாட்டிலைட் கருவி வாங்கச் சொல்லும். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், பிடிபட்டு வழக்கு வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

ரக்சாக்கில் வைக்கும் நீர்ப்பையின் உறிஞ்சு குழாய் உறைந்தால் அதை மறந்துவிட்டு அகல வாய் பாட்டிலுக்கு மாறுங்கள். கூடாரத்தில் அதைத் தலைகீழாக வையுங்கள், தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப் பக்கம் திறக்க வரும்.

மைக்ரோஸ்பைக் போட்டும் வழுக்குகிறது, ஸ்கின் ஒட்டவில்லை

மைக்ரோஸ்பைக் என்பது ஷூவின் மேல் மாட்டும் குட்டி முள் சங்கிலி. மத்தியானத்து ஈரப்பனி முள்ளுக்கிடையில் உருண்டையாக அடைந்துகொள்ளும், அப்புறம் முள் தரையைத் தொடவே தொடாது. கைத்தடியால் ஷூ ஓரத்தில் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டி ஐஸ் செங்குத்தாக இருந்தால் அது மைக்ரோஸ்பைக் போகும் இடமே இல்லை, கிராம்பான் (பூட்டில் கட்டும் நீள முள் சட்டம்), அதற்கேற்ற விறைப்பான பூட், முக்கியமாகப் பயிற்சி வேண்டும். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனமும் மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாயி நிறுவனமும் அதற்கென்றே அடிப்படை வகுப்பு நடத்துகின்றன.

ஸ்கீயோடு மேலே ஏறுகிறவர்களுக்கு: ஸ்கின் (பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) பசை ஒட்டவில்லை என்றால் பனித்தூளைச் சுரண்டிவிட்டு, ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி மறுபடி ஒட்டுங்கள். அடியில் பனி கட்டி கட்டியாக ஏறினால் மெழுகு தேய்க்க வேண்டும்.

பீக்கன் கண்டபடி எண் காட்டுகிறது

குல்மார்க் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலை மேல் சுமார் 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். அங்கே கயிறு கட்டின எல்லைக்கு வெளியே போகிற ஒவ்வொருவர் உடம்பிலும் பீக்கன் (பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும், தேடும் கருவி) இருக்க வேண்டும், பையில் ப்ரோபும் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) உலோக மண்வாரியும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். பீக்கன் இடத்தைக் காட்டும், தோண்டாது. பிளாஸ்டிக் மண்வாரி பனிச்சரிவில் இறுகின பனியில் உடையும். எல்லா நிறுவனத்துப் பீக்கனும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், அதனால் கலந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

எண் தாவினால் முதலில் போன், கேமரா, பேட்டரி கையுறை, காந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சும்மா அணிந்திருக்கும்போது 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், முடிந்தால் போனை அணைத்தே விடுங்கள். அப்புறம் பேட்டரி: கையேட்டில் சொன்ன வகை மட்டும், பெரும்பாலான கருவிகளுக்கு அது புது அல்கலைன். ரீசார்ஜ் செல் போடாதீர்கள், அதன் சார்ஜ் அளவைக் கருவி தப்பாகக் காட்டும். இரண்டும் சரியாக இருந்தும் தாவினால் அந்தக் கருவியோடு மேலே போக வேண்டாம். கருவி சரி, கைதான் தடுமாறுகிறது என்றால் ஹோட்டல் வாசல் பனியில் ஒன்றைப் புதைத்துத் தேடிப் பழகுங்கள். புதைந்தவருக்கு இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான், கையேடு படிக்க நேரம் இருக்காது.

பரணிலிருந்து எடுத்தால் சோல் கழன்று வருகிறது, கூடாரம் பிசுபிசுக்கிறது

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தனி வியாதி. ட்ரெக்கிங் ஷூவின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்றால், காற்றில் இருக்கும் ஈரமே அதை வருடக்கணக்கில் மெல்ல உடைக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உடையும். அட்டைப் பெட்டியில் புதுசு மாதிரி இருக்கும், சங்க்ரியில் இரண்டாம் நாள் ரொட்டித்தூள் மாதிரி கொட்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்து, சோலை நன்றாக வளைத்துப் பாருங்கள், நடு அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பிளவோ பொடியோ தெரிந்தால் புது ஷூதான், வாங்கிப் பழக்க அந்த ஒரு மாதம் வேண்டும். பசை மட்டும் விட்டிருந்து அடுக்கு கெட்டியாக இருந்தால் தெருமுனையில் ஷூ தைக்கிறவரிடம் கொடுத்து ஒட்டிச் சுற்றித் தைத்து வாங்கலாம். மலையில் வைத்தே கழன்றுவிட்டால் டக்ட் டேப்பும் கேபிள் டையும் போட்டுக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

கூடாரத்தின் தரைப்பகுதி பிசுபிசுத்து வாந்தி நாற்றம் அடித்தால் அதுவும் இதே கதை, பூச்சு சிதைந்துவிட்டது, ஒட்டவோ துவைக்கவோ முடியாது. வராமல் தடுக்கலாம்: திரும்பி வந்த அன்றே மொட்டை மாடியில் நிழலில் விரித்து முழுக்கக் காயவைத்து, தொளதொளவென்று மடித்து பீரோவில் வையுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை அதன் குட்டி உறையில் நசுக்கி வைக்காதீர்கள், பழைய தலையணை உறை இரண்டைத் தைத்தால் அதற்குப் போதுமான பை கிடைத்துவிடும். ஹெட்லாம்ப், பீக்கன் இரண்டிலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் முனைகளைப் பச்சையாக அரித்து வைத்திருக்கும்.